அம்மா வீட்டு கரண்ட் பில் தேதி தவறிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கல்மண்டபத்து மகன் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். நான் அம்பத்தூரில் ஷிப்ட் வேலை. அம்மா காசிமேட்டில் தனியாக இருக்கிறார், மீன் வியாபாரம். அப்பா தவறி ஒன்றரை வருடம் ஆகிறது.

போன வெள்ளிக்கிழமை காலை ஃப்யூஸைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பில் அறுநூற்றுச் சொச்சம்தான். அந்தக் காசு அம்மாவின் சுருக்குப் பையிலேயே இருந்தது. மறு இணைப்புக் கட்டணமும் சேர்த்துக் கட்டி, மாலையில் விளக்கு எரிந்தது. மே மாத வெயிலில் பகல் முழுவதும் மின்விசிறி இல்லாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்திருக்கிறார், எனக்குப் போன்கூடப் பண்ணவில்லை. பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் தெரியும். அதுதான் மனசை அறுக்கிறது.

விசாரித்துப் பார்த்தேன். குறுஞ்செய்தி அப்பாவின் பழைய நம்பருக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த சிம் செத்துப் பல மாதம் ஆகிறது. ரீடிங் குறிக்கும் வெள்ளை அட்டை மீட்டர் பெட்டிக்குப் பின்னால் விழுந்து கிடந்தது. காசு இல்லாமல் இல்லை, மனசு இல்லாமலும் இல்லை. தேதி யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அம்மா பட்டன் போன்தான் வைத்திருக்கிறார். நான் வாரத்துக்கு ஒருமுறைதான் போக முடிகிறது. இது இரண்டாவது தடவை. உங்கள் வீடுகளில் என்ன செய்கிறீர்கள்?

வியாசை 39

முதலில் போன் நம்பரை மாற்றுங்கள். மின் வாரிய இணையதளத்திலேயே இணைப்பு எண்ணுடன் உங்கள் கைபேசி எண்ணைப் பதியலாம். இல்லையென்றால் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தாலும் போதும். ரீடிங் எடுத்ததும் யூனிட், தொகை, கடைசி தேதி எல்லாம் உங்களுக்கே வந்துவிடும். மற்றது அப்புறம்.

கட்டுவது இப்போது ஒரு பெரிய வேலையே இல்லை. கூகுள் பே, போன்பே எதிலும் எண்ணைப் போட்டால் தொகை தானாக வரும். அம்மா உங்களிடம் காசைக் கொடுத்துவிட்டால் நீங்கள் அம்பத்தூரில் இருந்தே கட்டிவிடலாம்.

தண்டையார்பேட்டை தாத்தா

தம்பி, நான் வாரியத்தில் கணக்கெடுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பல வருடம் வீடு வீடாக மீட்டர் பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

எல்லாரும் கடைசி தேதியை நினைவில் வைக்கப் பார்க்கிறார்கள். அது நிற்காது, ஏனென்றால் அது தனியாக ஒரு தேதி இல்லை. ரீடிங் எடுத்த நாளிலிருந்து 20 நாள் கணக்கு. ரீடிங் 6ஆம் தேதி என்றால் 26க்குள் கட்ட வேண்டும். ஆகவே நீ பிடிக்க வேண்டியது ரீடிங் நாளை. வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கெடுப்பு. உன் தெரு ஒற்றைப்படை மாதமா, இரட்டைப்படை மாதமா என்று ஒரு முறை தெரிந்துகொண்டால் அது வருடக்கணக்கில் மாறாது. நாளும் பெரும்பாலும் முன்னே பின்னே ஓரிரு நாள்தான் நகரும்.

அட்டையை எடுத்துக் கடைசி 6 பதிவைப் பார். அந்தத் தேதிகளை அம்மா வீட்டுத் தினசரிக் காலண்டரில் அந்தந்தத் தாளிலேயே பேனாவால் எழுதி வை. தாளைக் கிழிக்கும்போது கண்ணில் படும். உன் அம்மா வயதுக்காரர்களுக்கு அதைவிட நல்ல நினைவூட்டல் நான் பார்த்ததில்லை.

இன்னொரு விஷயம். உன் அம்மா விடியற்காலை துறைமுகத்துக்குப் போய்விடுவார். வீடு பூட்டியிருக்கும். மீட்டர் உள்ளே இருந்தால் கணக்கெடுப்பவர் கதவு பூட்டு என்று குறித்துக்கொண்டு போவார். அப்படியானால் போன முறை கட்டிய தொகையையே இந்த முறையும் கட்ட வேண்டும், அடுத்த ரீடிங்கில் நேர் செய்வார்கள். பூட்டியிருந்ததால் பில் இல்லை என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் நிறைய. ஃப்யூஸ் போவது பல வீடுகளில் அப்படித்தான். மீட்டரை வாசலுக்கு மாற்ற முடியுமா என்று பார். முடியாவிட்டால் பக்கத்து வீட்டில் ஒரு சாவி கொடுத்து வை.

கல்மண்டபத்து மகன்

ஐயா, மிக்க நன்றி. அட்டையைத் துடைத்து எடுத்துப் பார்த்தேன். ஏப்ரல், ஜூன், ஆகஸ்ட் என்று இரட்டைப்படை மாதம்தான். 5ஆம் தேதியிலிருந்து 8க்குள் எடுத்திருக்கிறார்கள். போன பிப்ரவரியில் கதவு பூட்டு என்று இருக்கிறது. அம்மா அந்த முறை பில்லே வரவில்லை என்று என்னிடம் சொன்னது இப்போதுதான் புரிகிறது.

கொடுங்கையூர் செல்வி

எங்கள் கதை வேறு. ஒரே இணைப்பு, மூன்று போர்ஷன், ஒவ்வொன்றுக்கும் சப் மீட்டர். வீட்டுக்காரர் ஊரில் இல்லை. பில் வந்ததும் மூன்று குடும்பமும் யூனிட் கணக்குப் போட்டுப் பிரித்துக்கொள்கிறோம். ஒருவர் தாமதித்தால் மூன்று வீடும் இருட்டு.

இதில் நான் கற்றுக்கொண்டது, காசை யார் வசூலிக்கிறார் என்பதைவிட யார் கட்டுகிறார் என்பதை முடிவு செய்ய வேண்டும். முன்பு வேறொரு வீட்டில் இருந்தபோது மாதாமாதம் வாடகையுடன் கரண்ட் காசையும் கொடுத்தோம். கட்டவில்லை. எங்களுக்கு அது ஃப்யூஸ் போன அன்றுதான் தெரிந்தது. கைக்குழந்தையுடன் இரண்டு இரவு மொட்டை மாடியில் படுத்தோம். அதிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கேட்பது இணைப்பு எண்ணைத்தான். வாரிய இணையதளத்தில் கணக்கு தொடங்காமலே எண்ணைப் போட்டுப் பாக்கி இருக்கிறதா என்று பார்க்கலாம், அங்கேயே கட்டவும் செய்யலாம். வாடகைக்கு இருப்பவர்களே, தயவுசெய்து இதைச் செய்யுங்கள். நீங்களே கட்டி, ரசீதை வீட்டுக்காரருக்கு அனுப்பி, வாடகையில் கழித்துக்கொள்ளப் பேசிக்கொள்ளுங்கள்.

ஒரே இணைப்பில் மூன்று குடும்பம் என்றால் 500 யூனிட் தாண்டிவிடும், அது தனிச் சுமை. 2022 செப்டம்பரில் கட்டணம் மாறியபோது நான் நோட்டில் போட்டுப் பார்த்த கணக்கு இது. 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 510 யூனிட்டுக்கு 2,030. பத்தே யூனிட்டுக்கு 305 ரூபாய். காரணம், அப்போது 500க்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25தான். தாண்டினால் அந்த நூறும் 4.50க்குப் போய்விடும், மேலே இருக்கும் யூனிட்டுக்கு 8 ரூபாய். அப்புறம் விகிதம் ஏறியிருக்கிறது. அதனால் ரீடிங்குக்குப் பத்து நாள் முன்பே மீட்டரைப் பார்த்துவிடுவோம். எவ்வளவு வரும் என்று முன்பே தெரிந்தால் காசு எடுத்து வைப்பதும் எளிது.

எண்ணூர் குப்பத்தான்

கல்மண்டபத்து தம்பிக்கு, கடல் வீட்டிலிருந்து ஒரு வார்த்தை.

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் நம் வீடுகளில் தேதி தெரிந்தாலும் கட்ட முடியாத மாதம் ஒன்று உண்டு. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகு கடலுக்குப் போகாது. படகு போகாவிட்டால் ஏலம் இல்லை, கூடை தூக்க வேலை இல்லை, ஐஸ் உடைக்க ஆள் வேண்டாம். உன் அம்மாவுக்கும் சரக்கு குறையும். அதே இரண்டு மாதத்தில்தான் வெயில், மின்விசிறி இரவு பகலாக ஓடும்.

இப்போது உன் அட்டைத் தேதியை இதில் வைத்துப் பார். ஏப்ரல் 6 ரீடிங் என்றால் கடைசி நாள் 26, தடை தொடங்கிப் பதினொரு நாள். ஜூன் 6 ரீடிங் என்றால் கடைசி நாள் ஜூன் 26. தடை முடிந்து பன்னிரண்டு நாள்தான். படகுக்கு வலை, டீசல், பழுது என்று போட்ட கடனே இன்னும் திரும்பியிருக்காது. வருடத்தில் ஆறு பில்லில் இரண்டு பில், கையில் ஒன்றுமே இல்லாத நாளில் வந்து நிற்கிறது. இரட்டைப்படை மாதத்து வீடு ஒவ்வொன்றுக்கும் இதே கதை.

எங்கள் வீட்டில் 3 வருடமாகச் செய்வது முன்பணம். வாரியத்தில் பில் வருவதற்கு முன்பே காசு கட்டி வைக்கலாம். இணையதளத்திலும் உண்டு, கவுன்டரிலும் கேட்டால் வாங்கிக்கொள்வார்கள். அந்தத் தொகை உன் இணைப்புக் கணக்கில் நிற்கும். ரீடிங் எடுத்ததும் பில் அதிலிருந்து கழியும். மீதி இருந்தால் அடுத்த பில்லுக்குப் போகும். அந்தக் காசுக்கு வட்டியும் கணக்கில் சேர்ப்பார்கள், சின்னத் தொகைதான். நாங்கள் மீன் நன்றாகப் படும் மாதங்களில், தை, மாசியில், ஐந்நூறு ஐந்நூறாக மூன்று தடவை போட்டுவிடுவோம். ஏப்ரலும் ஜூனும் தானாகக் கடந்துவிடும்.

முன்பு என் மனைவி கரண்ட் பில்லுக்காக மே மாதம் கம்மலை அடகு வைத்தாள். ஆயிரம் ரூபாய்க்கு. அதை நான் மறக்க மாட்டேன். முன்பணம் போட ஆரம்பித்த பிறகு அந்த அடகுக் கடைப் படி ஏறவில்லை.

வியாசை 39

அண்ணே, இது எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் பில் கட்டுகிறேன், முன்பணம் என்பது கம்பெனிகளுக்கு என்று நினைத்திருந்தேன்.

நான் தானியங்கிக் கட்டணம் போட்டிருக்கிறேன். யுபிஐ ஆட்டோபே. அதிகபட்சத் தொகை ஒன்று வைத்துவிட்டால் அதற்குள் இருக்கும் பில்லை அதுவே எடுத்துக்கொள்ளும். 15,000 ரூபாய்க்குள் என்றால் ஒவ்வொரு முறையும் பின் நம்பர் கேட்காது. எடுப்பதற்கு ஒரு நாள் முன்பே தகவல் வரும். தம்பி தன் கணக்கிலேயே அம்மா இணைப்புக்குப் போட்டுவிடலாமே?

கொடுங்கையூர் செல்வி

மாதச் சம்பளம் வருகிறவர்களுக்கு அது சரி. என் கணக்கில் பணம் வந்த அன்றே பாதி போய்விடும். ஆட்டோபே எடுக்க வரும் அன்று கணக்கில் இருப்பு இல்லாவிட்டால் தோற்றுவிடும். தானாகக் கட்டிவிடும் என்ற நம்பிக்கையில் நானும் பார்க்க மாட்டேன். பள்ளிக் கட்டணத்துக்கு வைத்திருந்த காசை அது எடுத்துக்கொண்டு போன நாளும் உண்டு. எது முதலில், எது அப்புறம் என்று முடிவு செய்வது என் கையில் இருக்க வேண்டும். எண்ணூர் அண்ணன் சொல்லும் முன்பணம்தான் எனக்குப் பொருந்துகிறது. கையில் இருக்கும்போது போடலாம், எவ்வளவு என்று நானே முடிவு செய்யலாம்.

வியாசை 39

நீங்கள் சொல்வது நியாயம் அக்கா. நான் என் நிலையிலிருந்து மட்டும் யோசித்துவிட்டேன்.

புதுவண்ணை வாசகன்

மூன்று எச்சரிக்கை. மூன்றும் என் வீட்டிலோ என் தெருவிலோ நடந்தவை.

ஒன்று, கடைசி நாள் இரவில் செயலியில் கட்டாதீர்கள். எனக்குக் கணக்கில் பணம் கழிந்துவிட்டது, பில் கட்டப்படாமலே இருந்தது. பணம் நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்தது, அதற்குள் தேதி போய்விட்டது. நடுவில் வேறு நிறுவனங்கள் இருப்பதால் சில சமயம் வாரியக் கணக்கில் ஏற நேரம் ஆகும். ஐந்து நாள் முன்பே கட்டிவிட்டு, மறுநாள் வாரிய இணையதளத்தில் ஏறிவிட்டதா என்று பாருங்கள். ரசீதை இறக்கி வையுங்கள்.

இரண்டு, எண்ணைச் சரி பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் மண்டலம், வட சென்னைக்கு 01. அடுத்த மூன்று பிரிவு அலுவலகம், அதற்கடுத்த மூன்று பகிர்மானம், மிச்சம் உங்கள் இணைப்பு. ஒரே தெருவில் முன்பகுதி எல்லாருக்கும் ஒன்றாகவே இருக்கும். கடைசி இலக்கம் மாறினால் எதிர்வீட்டு பில்லைக் கட்டிவிடுவீர்கள். திரையில் வரும் பெயரைப் படித்த பிறகே பணம் செலுத்துங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். "இன்று இரவு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணுக்கு அழைக்கவும்" என்று குறுஞ்செய்தி வரும். எங்கள் தெருவில் ஓய்வூதியம் வாங்கும் ஓர் அம்மா அழைத்துவிட்டார். ஒரு செயலியை இறக்கச் சொல்லி, அவர் போன் திரையை அங்கிருந்தே பார்த்துக் கணக்கைத் துடைத்துவிட்டார்கள். வாரியம் எந்தத் தனி ஆளின் கைபேசி எண்ணையும் கொடுத்து அழைக்கச் சொல்லாது. சந்தேகம் என்றால் வாரியத்தின் புகார் மையமான மின்னகம் எண் 94987 94987, எந்த நேரமும் பேசலாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். ஒருமுறை ஃப்யூஸ் போன வீட்டில் இந்தச் செய்தி வந்தால் பயத்தில் நம்பிவிடுவார்கள். தம்பி, உங்கள் அம்மாவிடம் இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள்.

பெரம்பூர் ரயில்வே காலனி

செயலியே வேண்டாம் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. என் மாமியார் தபால் நிலையத்தில் கட்டுகிறார். கூட்டம் குறைவு, உட்கார நாற்காலி உண்டு. இ-சேவை மையத்திலும் வாங்குகிறார்கள். வாரியக் கவுன்டர் என்றால் காலையிலேயே போய்விடுங்கள். பெரிய தொகையைக் காசாக வாங்க மாட்டார்கள். சாதாரண வீட்டு பில்லுக்கு அந்தச் சிக்கல் வராது.

ஒரு கேள்வியும் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் அபராதம் இல்லாமல் 18ஆம் தேதி வரை நேரம் கொடுத்தார்கள். எங்கள் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர், அந்த அறிவிப்பு பெரிய ஆறுதலாக இருந்தது. அப்படி அறிவிப்பு வராத நேரத்தில், பில்லே தவறாக அதிகம் வந்தால் என்ன செய்வது? கட்டாமல் சண்டை போட்டால் துண்டித்துவிடுவார்களே?

தண்டையார்பேட்டை தாத்தா

நல்ல கேள்வி அம்மா. மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 56 இதற்குத்தான். பில்லில் தகராறு என்றால், கேட்ட தொகை அல்லது முந்தைய 6 மாதம் நீங்கள் கட்டியதன் சராசரிப்படி வரும் தொகை, இரண்டில் எது குறைவோ அதை ஆட்சேபத்துடன் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்துக் கட்டலாம். அப்படிக் கட்டினால் தகராறு தீரும் வரை துண்டிக்கக் கூடாது. அதே பிரிவு, துண்டிப்பதற்கு முன் 15 முழு நாள் எழுத்து மூலமான அறிவிப்பு வேண்டும் என்றும் சொல்கிறது. ஆகவே கோபத்தில் கட்டாமல் விட்டுவிடாதீர்கள். கட்டிவிட்டுச் சண்டை போடுங்கள். கடிதத்தின் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

2020 ஊரடங்கில் இது பெரிதாக வந்தது. கணக்கெடுக்க ஆள் போக முடியவில்லை, முந்தைய தொகையையே கட்டச் சொன்னார்கள். அப்புறம் நான்கு மாத யூனிட்டையும் சேர்த்து எடுத்தபோது மக்கள் பயந்துபோனார்கள். அதை இரண்டு இரண்டு மாதமாகப் பிரித்து, இரண்டுக்கும் தனித்தனியாக 100 யூனிட் இலவசம் போட்டு, கட்டிய காசைக் கழித்தால்தான் கணக்கு சரி. பூட்டிய வீட்டுக்கு இன்றைக்கும் இதே முறையில் சரி பார்க்க வேண்டும். தம்பி, உன் பிப்ரவரி, ஏப்ரல் பில்லை எனக்குத் தனிச் செய்தியில் அனுப்பு, நான் போட்டுப் பார்க்கிறேன்.

கல்மண்டபத்து மகன் (ஐந்து வாரம் கழித்து)

எல்லாருக்கும் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும்.

தாத்தா ஐயா பில்லைப் பார்த்துக் கணக்கு சரிதான் என்று சொல்லிவிட்டார்கள். கைபேசி எண்ணை மாற்றி என்னுடையதைப் பதிந்தேன். காலண்டரில் அடுத்த மூன்று ரீடிங் வாரத்தையும் எழுதினேன். அம்மாவுக்கு எழுத்து சரியாகத் தெரியாது, அதனால் அந்தத் தாள்களில் ஒரு பல்பு படம் வரைந்து வைத்தேன். சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம் இருக்கிறது.

எண்ணூர் அண்ணன் சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். முன்பணம் என்றதும் முதலில் முகம் சுளித்தார். "எரிக்காத கரண்டுக்கு எதுக்குடா காசு" என்றார். தடைக்காலக் கணக்கைத் தேதி தேதியாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "உங்க அப்பாவும் இப்படித்தான் ஐப்பசிக்கு அரிசி வாங்கி வைப்பாரு" என்று சொல்லிவிட்டு, தானே என்னுடன் கவுன்டருக்கு வந்தார். நானூறு ரூபாய் கட்டினோம். ரசீதை வாங்கி அவரே சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார்.

ஜூன் 7ஆம் தேதி காலை 11 மணிக்குச் செய்தி என் போனுக்கு வந்தது. முன்பணம் போக 285 ரூபாய்தான். ஷிப்ட் இடைவேளையில் கட்டிவிட்டேன். மாலையில் அம்மாவுக்குப் போன் பண்ணினால், "காலையிலேயே ரீடிங் எடுத்துட்டாங்க, நான் தாளைக் கிழிக்கும்போதே பார்த்தேன்" என்று அவர் எனக்கு முன்னால் சொல்கிறார்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. இணைப்பு இன்னும் அப்பா பெயரில் இருக்கிறது. இப்படியே கட்டிக்கொண்டு போகலாமா, மாற்ற வேண்டுமா?

தண்டையார்பேட்டை தாத்தா

கட்டுவதற்குத் தடை இல்லை, யார் கட்டினாலும் வாங்கிக்கொள்வார்கள். ஆனால் மாற்றிவிடு. நாளைக்கு மீட்டர் பழுது, பில் தகராறு என்று எழுதிக் கொடுக்கும்போது அம்மா பெயரில் இருப்பதுதான் பலம். அப்பாவின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வீட்டு வரி ரசீது, அம்மாவின் ஆதார் நான்கையும் எடுத்து வை. இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். உனக்கு ஷிப்ட் இல்லாத நாள் சொல், பிரிவு அலுவலகத்துக்கு நானும் வருகிறேன்.

கல்மண்டபத்து மகன்

வியாழக்கிழமை விடுமுறை ஐயா. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். வஞ்சிரம் கிடைத்தால் உங்களுக்கும் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார்.